மூன்றரை மணி லேப்

பிப்ரவரி 4, செவ்வாய்

மூன்றாவது ஆப்சென்ட்.

காலை ஆறிலிருந்து இரண்டு வரை மணலி கெமிக்கல் கம்பெனியில் ஆபரேட்டர் டியூட்டி. அதே இரண்டு மணிக்கு ராயபுரத்தில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேப். பஞ்ச் பண்ணி, பைக்கை எடுத்து, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் புகுந்து புறப்பட்டு காலேஜ் வந்து சேர்ந்தபோது மூன்று ஐந்து. லேப் வாசலில் அட்டெண்டர் கோதண்டம் நின்றிருந்தார். "இன்னா டில்லி, கடைய மூட்ற நேரத்துக்கு வர்ற?" என்றார்.

லேப் எடுக்கும் மெஹ்னாஸ் மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "சார், ரெண்டு இருபதுக்கு அட்டெண்டன்ஸ் ஆப் லாக் ஆயிடும். அப்புறம் என்னால ஒண்ணுமே பண்ண முடியாது" என்றார். அவருக்கு இருபத்தேழு வயது, எனக்கு முப்பத்து மூன்று. என்னை 'சார்' என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். அடுத்த நிமிடம் மறுபடியும் 'சார்'. வகுப்பில் மற்ற எல்லோருக்கும் இருபது வயது. பையன்கள் என்னை 'மாமு' என்கிறார்கள்.

நிலவரம் இதுதான். இந்த செமஸ்டரில் பன்னிரண்டு லேப். ஒன்பதுக்கு வந்திருந்தால்தான் பிராக்டிகல் பரீட்சைக்கு உட்கார விடுவார்கள். மூன்று போயாச்சு. இனி ஒன்றைக்கூட விடக் கூடாது. இந்தப் பரீட்சை எழுதினால்தான் டிகிரி. டிகிரி இருந்தால்தான் ஜூன் மாதம் எங்கள் கம்பெனியில் எடுக்கப்போகும் லேப் கெமிஸ்ட் வேலைக்கு மனு போடலாம். லேப் கெமிஸ்டுக்கு ஜெனரல் ஷிஃப்ட். காலை ஒன்பது முதல் ஐந்தரை. மனுஷன் மாதிரி இரவில் தூங்கலாம்.

போன வாரம் பள்ளிக்கூடத்தில், அப்பா என்ன செய்கிறார் என்று டீச்சர் கேட்டதற்கு என் பெண், "எங்கப்பா தூங்குவாரு" என்று சொல்லியிருக்கிறாள். என் மனைவி குணசுந்தரி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

ஷிஃப்ட் சார்ட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய் மேடத்திடம் காட்டினேன். ஒரு வாரம் ஏ, அடுத்த வாரம் பி, அதற்கடுத்த வாரம் சி. சி என்றால் இரவு முழுக்க வேலை. பகலில் லேபுக்கு வர முடியும், கண் மட்டும் எரியும். பி என்றால் மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து. அந்த வாரம் கூட வேலை செய்யும் இக்னேஷியஸோடு மியூச்சுவல் போட்டுக்கொள்வேன். அவன் என் டியூட்டியைப் பார்ப்பான், நான் அவனுடைய சி ஷிஃப்டைப் பார்ப்பேன். ஏ வாரம்தான் உதைக்கிறது, அந்த வாரம் மாற்றிக்கொள்ள ஆள் கிடைப்பதில்லை.

"லேப் மூணரைக்கு ஆரம்பிச்சா வந்துடுவீங்களா?" என்று கேட்டார்.

"பறந்து வந்துடுவேன் மேடம்."

"பறக்காதீங்க. பைக்ல வாங்க."

பிப்ரவரி 11, செவ்வாய்

மியூச்சுவல். லேபுக்குச் சரியான நேரத்தில் போனேன். அசிட்டனிலைடு தயாரித்தோம். வெள்ளையாக, மினுமினுவென்று வந்தது. கம்பெனியில் டன் கணக்கில் சரக்கு ஓட்டுகிறேன், அது எதுவும் என்னுடையது என்று தோன்றியதில்லை. இந்த இரண்டு கிராமைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாமா என்றிருந்தது.

மேடம் எங்கள் பேட்சைக் கேட்டார்: "அடுத்த வாரத்துலேர்ந்து லேப் மூணரைலேர்ந்து ஆறரை வரைக்கும் வச்சுக்கலாமா? தியரி கிளாஸை முன்னாடி தள்ளிடறேன்." ஒன்பது பேரும் கையைத் தூக்கினார்கள். பத்தாவது ஆள் அம்மு. இன்று அவள் வரவில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் போயிற்று என்றார் மேடம். நானே போட்டேன், இரண்டு கைகூப்பும் பொம்மையோடு. அம்முவிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது.

வேலை முடிந்தது! குணசுந்தரி, "மேடம் தங்கமான பொண்ணுய்யா. அதுக்கு நல்லா பண்ணிக் குடு பரீட்சைய" என்றாள்.

பிப்ரவரி 20, வியாழன்

ஹோம்வொர்க்கில் சைபர். கோபமாக எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

கேனிசாரோ வினை, ஆல்டால் வினை – நான்கு பக்கம். புதன் கடைசி நாள். நேற்று சி ஷிஃப்டில் டீ நேரத்தில் உட்கார்ந்து அம்புக்குறி எல்லாம் ஒழுங்காகப் போட்டு, படம் எடுத்து, மூன்று மணிக்கு ஏற்றிவிட்டேன். இன்று பார்த்தால் 'தாமதம்' என்று சிவப்பில் கிடக்கிறது. மேடத்திடம் போய், "புதன்கிழமையே குடுத்துட்டேன் மேடம்" என்று சண்டைக்கு நின்றேன்.

"சார், நீங்க குடுத்தது வியாழக்கிழமை விடியக்காலை மூணு மணி."

"அது புதன்தான் மேடம்."

வகுப்பே சிரித்தது. அப்போதுதான் எனக்கே உறைத்தது. எங்கள் லாக் புக்கில் நாள் என்பது காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து மறுநாள் காலை ஆறு மணிக்கு முடிகிறது. பதினொரு வருடமாக நள்ளிரவில் நான் தேதி மாற்றி எழுதியதே இல்லை. உலகத்தில் மற்றவர்களுக்கெல்லாம் பன்னிரண்டு மணிக்கே நாள் மாறிவிடுகிறது என்பது தெரியாமலா இருந்தேன்? தெரியும். ஆனால் கை அப்படித்தான் பழகியிருக்கிறது.

கடைசியில் சைபரை அடித்துவிட்டு ஐந்துக்கு இரண்டு போட்டார். அதுவும் இரக்கப்பட்டு. அம்மு மட்டும் சிரிக்கவில்லை என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அவள்தான் முகத்தை ரெக்கார்டு நோட்டால் மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஏ ஷிஃப்ட். மூன்று இருபதுக்கு லேபில் இருந்தேன். முகம் கழுவக்கூட நேரம் இருந்தது.

அம்மு என் பக்கத்து மேசை. காசிமேட்டுப் பெண். அம்மா விடியலில் ஏலத்தில் மீன் எடுத்து விற்பவர். வகுப்பில் இவள் அளவுக்குச் சுத்தமாக வேலை செய்கிறவர் யாருமில்லை. இன்று என்னமோ ஐந்து மணியிலிருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோதனைக் குழாயை அவசர அவசரமாகக் கழுவி ஒன்றை உடைத்தாள். "இன்னாம்மா, பஸ்ஸா?" என்று கேட்டேன். "இல்லண்ணா" என்றாள்.

மார்ச் 2, ஞாயிறு

டியூட்டி. நாளை இன்டர்னல் டெஸ்ட். ஒன்றும் படிக்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

இக்னேஷியஸ் வாழ்க. மியூச்சுவல். லேப் போனேன்.

அம்மு இன்று கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. ஆறரைக்கு லேப் முடிந்த பிறகும் ஸ்டூலில் உட்கார்ந்து ஏப்ரனை மடித்துக்கொண்டிருந்தாள். அவசரம் தீர்ந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 6, வியாழன்

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பாப்பாவுக்கு இருமல். காலேஜிலிருந்து வரும்போது மருந்து வாங்க மஜீது பாய் கடையில் நிறுத்தினேன். அங்கே மாலையில் பில் போடுவது அம்மு என்று எனக்குத் தெரியும். ஐந்தரையிலிருந்து ஒன்பதரை வரை என்பது பாய் சொல்லித்தான் இன்று தெரிந்தது. இரண்டு வருடமாக வேலை செய்கிறாள். இன்று வேறொரு பெண் இருந்தாள்.

"அம்மு இல்லையா பாய்?"

"நிறுத்திட்டேன் நைனா. தங்கமான பொண்ணுதான். ஆனா செவ்வாக்கிழம கடையில கூட்டம் ரொம்ப. ரெண்டு வாரமா ஏழு மணிக்கு வந்து நின்னா நா ஒண்டியா இன்னா பண்றது? காலேஜ்ல டைமு மாத்திட்டாங்கன்னு சொல்லிச்சு. யாரோ ஒருத்தனுக்கு தோதா மாத்தினாங்களாம்."

அந்த யாரோ ஒருத்தன் மருந்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நான்தான் அது என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி

கம்பெனியில் மியூச்சுவல் என்றால் ஒரு படிவம் உண்டு. இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் கையெழுத்து இல்லையென்றாலும் அது செல்லாது. ஒன்பது பேர் கை தூக்கினால் பத்தாவது ஆளுடைய டியூட்டியை மாற்றிவிட முடியாது. அங்கே அப்படி எவனாவது செய்தால் நானே முதல் ஆளாகச் சத்தம் போடுவேன். போட்டிருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு, என்னைக் கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை டியூட்டியை மாற்றினார்கள் என்று கேன்டீனில் நின்று கத்தினேன்.

காலேஜில் மட்டும் அது எப்படி எனக்கு மறந்துபோனது? ஒரு கட்டைவிரல் பொம்மையைக் கையெழுத்து என்று எடுத்துக்கொண்டேன். அவள் சின்னப் பெண் என்பதாலா? எனக்குக் காரியம் ஆக வேண்டும், அதுதான். வேறு ஒரு காரணமும் இல்லை.

குணசுந்தரியிடம் சொன்னேன். "அது வூட்டுல அந்தக் காசுலதான் அடுப்பு எரியுதோ இன்னாமோ. போய் பேசுய்யா. இங்க மொகத்த தொங்கப் போட்டுகினு குந்திகினு இருந்தா ஆச்சா?" என்றாள்.

மார்ச் 8, சனி

மஜீது பாயிடம் போய், "அந்த ஒருத்தன் நான்தான் பாய்" என்றேன். நோன்பு மாதம், அவர் கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. புதிதாக வந்த பெண்ணுக்குக் கணக்கு ஓடவில்லையாம். "செவ்வாக்கிழம அஞ்சரைக்கு வந்துடும்னா வரச் சொல்லு. இன்னொரு தபா லேட்டாச்சுன்னா என்னாண்ட வராத" என்றார்.

மார்ச் 10, திங்கள்

அம்முவைக் காலேஜ் கேன்டீனில் பிடித்தேன். என்ன சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"ஏம்மா ஒரு வார்த்த சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? உனக்கு பாப்பா கீது. நைட்டெல்லாம் முழிச்சிகினு கீற. எல்லாரும் ஓகே போட்டாங்க. நா ஒருத்தி முடியாதுன்னா நல்லா இருக்குமாண்ணா?"

"கம்பெனியில ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாதான் மியூச்சுவல் செல்லும். உன்னைக் கேட்டிருக்கணும். நான் கேக்கல. தப்பு என்னுதுதான்."

நாளையிலிருந்து லேப் பழையபடி இரண்டு மணிக்கு என்று மேடத்திடம் சொல்லப்போகிறேன், பாய் கடையில் அவளுடைய இடம் அப்படியே இருக்கிறது என்றேன். அவள் டக்கென்று விரலை மடக்கி எண்ணினாள். "பதினெட்டாம் தேதி உனக்கு ஏ ஷிஃப்ட்டு. அன்னிக்கு நீ மிஸ் பண்ணா எட்டுதான் வரும். பரீட்ச எழுத விடமாட்டாங்கண்ணா."

என் ஷிஃப்ட் சார்ட் அவளுக்கு மனப்பாடம். எனக்கு அவளைப் பற்றி என்ன தெரியும்?

"இக்னேஷியஸ் பாத்துப்பான்" என்றேன். பொய். பதினைந்தாம் தேதி முதல் கம்பெனியில் வருடாந்திர ஷட்டவுன், எந்திரங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் காலம். முடியும்வரை மியூச்சுவலும் கிடையாது, லீவும் கிடையாது. படிப்புக்கென்று தனி சலுகையும் கிடையாது.

மார்ச் 11, செவ்வாய்

மேடம், "யோசிச்சுட்டுத்தான் சொல்றீங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். ஆமாம் என்றேன். "நானும் அந்தப் பொண்ணைக் கேட்டிருக்கணும் சார். டைம் டேபிள் போடறது நான்தானே" என்றார். இந்தத் தடவை 'சார்' என்றதற்கு நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை.

லேப் இரண்டு மணிக்கு. ஐந்துக்கு அம்மு ஏப்ரனைக் கழற்றிக்கொண்டு ஓடினாள்.

மார்ச் 18, செவ்வாய்

ஷட்டவுன் நான்காவது நாள். இரண்டு மணிக்கு வெளியே வந்தேன். போய்ப் பயனில்லை என்று தெரியும். ஆனாலும் போனேன். மூன்று பத்து.

நான்காவது ஆப்சென்ட்.

நல்லது செய்தேன் என்று நிம்மதியாக இருக்கும் என நினைத்தேன். அப்படியெல்லாம் இல்லை. மூன்று வருடப் படிப்பு, ஒரு பத்து நிமிட டிராஃபிக் மாதிரி போய்விட்டது. வீட்டுக்கு வந்து பாப்பாவைக் காரணமில்லாமல் அதட்டினேன். அவள் அழுதாள். அதற்காக இப்போது தனியாக உட்கார்ந்து வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 20, வியாழன்

மேடத்திடமிருந்து போன். ஆப்சென்ட் ஆனவர்களுக்காக ஒரே ஒரு ரிப்பீட் லேப் வைக்க பிரின்சிபால் அனுமதி கொடுத்திருக்கிறாராம். சனிக்கிழமை, காலை பத்து மணி.

சனிக்கிழமையும் எனக்கு ஏ ஷிஃப்ட். நன்றி மேடம் என்று சொல்லி வைத்துவிட்டேன். வேறென்ன சொல்ல?

மார்ச் 22, சனி

ஆற அமர எழுத வேண்டும். இன்று நடந்ததை மறக்கக் கூடாது.

பதினோரு மணிக்கு டீக்கு வெளியே வந்து போனைப் பார்த்தேன். அம்முவிடமிருந்து ஒரு படம். ஒரு வெள்ளைத் தாள். மேலே அவளுடைய கையெழுத்தில், 'ரிப்பீட் லேபைக் காலை பத்து மணிக்குப் பதிலாக மாலை மூன்றரை மணிக்கு வைக்கச் சம்மதம்.' கீழே ரிப்பீட் லேபுக்கு வர வேண்டிய மற்ற இரண்டு பையன்களின் கையெழுத்து. கோதண்டத்தின் கையெழுத்து, சனிக்கிழமை அவருக்கு ஒரு மணி வரைதான் வேலை. மேடத்தின் கையெழுத்து. கடைசியில் என் பெயர், பக்கத்தில் கோடு. காலியாக.

படத்துக்குக் கீழே: 'எல்லாரையும் நேர்ல பாத்து கேட்டுட்டேன். நீ வந்து கையெழுத்து போட்டாதான் செல்லும். சீக்கிரம் வா.'

கம்பெனிச் சட்டையோடும் சேஃப்டி ஷூவோடும் போய் நின்றேன். மூன்று பத்து. அந்தக் கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டேன்.

அம்மு லேபுக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் ஐந்து மணி வரை இருந்து, குழாய்களை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனாள். மேடம் நோன்போடு ஆறு மணி வரை நின்றார். கோதண்டம் கதவைப் பூட்டும்போது, "என் பொண்டாட்டிகிட்ட நீதான் வந்து பதில் சொல்லணும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஒன்பது.

மார்ச் 25, செவ்வாய்

மாடல் பிராக்டிகல். ஷட்டவுன். போக முடியவில்லை. இதற்கு அட்டெண்டன்ஸ் கிடையாது, பிழைத்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

பரீட்சை முடிந்தது.

இரவு டியூட்டி முடித்து இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுப் போனேன். எனக்குக் கொடுத்தது ஒரு திரவம். மூடியைத் திறந்ததும் பாதாம் வாசனை. ஆல்டிஹைடு என்று மனசுக்குள் குதித்தேன். டோலன்ஸ் சோதனையில் குழாயின் உட்புறம் கண்ணாடி மாதிரி வெள்ளி படிந்தது. ஃபெலிங் வைத்தால் ஒன்றுமே நடக்கவில்லை. நீலம் நீலமாகவே நின்றது. வியர்த்துவிட்டது. எல்லாம் தப்பு என்று அடிக்கப் போனேன். அப்புறம் மேடம் சொன்னது ஞாபகம் வந்தது: பென்சீன் வளையம் உள்ள ஆல்டிஹைடு ஃபெலிங்குக்கு மசியாது. அதுவே ஓர் அடையாளம்தான். பென்சால்டிஹைடு என்று எழுதினேன்.

வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் என்னைப் பார்த்து எழுந்து, "நீங்க எந்தக் காலேஜ் ஸ்டாஃப்?" என்று கேட்டார். அந்தப் பக்கம் அம்மு மறுபடி ரெக்கார்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மே 27, செவ்வாய்

பாஸ். எல்லாவற்றிலும். ஆர்கானிக் பிராக்டிகலில் எண்பத்தொன்று. அம்முவுக்குத் தொண்ணூற்றாறு.

குணசுந்தரி தெரு முழுக்க லட்டு கொடுத்துவிட்டாள். பாப்பா என்னிடம், "இனிமே நீ தூங்க மாட்டியா?" என்று கேட்டாள்.

ஜூன் 3, செவ்வாய்

நோட்டீஸ் போர்டில் வந்துவிட்டது. லேப் கெமிஸ்ட், ஓர் இடம். பி.எஸ்ஸி. வேதியியல். வயது வரம்பு இருபத்தெட்டு.

மூன்று தடவை படித்தேன். பர்சனல் ஆபீசில் கேட்டேன். உள்ளே இருக்கிறவர்களுக்கும் அதே வரம்புதானாம். "ரூல் அப்படி, டில்லி. போன வருஷமே வந்த சர்க்குலர் அது" என்றார் அங்கே இருந்த கிளார்க். போன வருடமே! நான் கேட்கவில்லை. டிகிரி வேண்டும் என்று மட்டும் யாரோ சொன்னார்கள், அதைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அங்கேயும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குணசுந்தரியிடம் சொன்னபோது அவள் என் தலையைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

ஜூன் 5, வியாழன்

அந்த நோட்டீஸைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். யாருக்கு அனுப்ப வேண்டும் என்று தெரியும். இரண்டு நாளாக அனுப்பவில்லை. எனக்குக் கிடைக்காதது எவருக்கும் கிடைக்க வேண்டாம் என்று ஒரு குரல் உள்ளே இருக்கிறது. அதை இங்கே எழுதி வைக்கிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஜூன் 6, வெள்ளி

அம்முவுக்கு அனுப்பிவிட்டேன். 'பதினாறாம் தேதி கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள் மனு நேரில் கொடுக்க வேண்டும். நைட் பன்னிரண்டு மணி இல்லை.'

'உனக்கு?' என்று கேட்டாள்.

'வயசு போச்சு' என்று எழுதினேன்.

சற்று நேரத்தில் போனில் அழைத்தாள். அழுதுகொண்டிருந்தாள். "நா போட மாட்டேண்ணா. அது உன் வேல" என்றாள். போடும்மா என்றேன். மனு வாங்கும் ஆள் யார், எந்தக் கேட், கேட்டில் என்ன சொல்ல வேண்டும் என்று எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குள் இறுக்கம் கொஞ்சம் விட்டது.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஏ ஷிஃப்ட். பம்ப் ஒன்று மக்கர் செய்ததில் பத்து மணி சாம்பிள் பத்து இருபதுக்குத்தான் எடுக்க முடிந்தது. பாட்டிலைக் கொண்டுபோய் லேப் ஜன்னலில் வைத்தேன்.

அம்மு வெள்ளைக் கோட்டில் இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. ஜன்னலுக்குப் பக்கத்தில் சாம்பிள் அட்டவணை ஒன்றைப் புதிதாக எழுதி ஒட்டியிருக்கிறாள். அதற்கு முன்னால் மூன்று ஷிஃப்டுக்கும் நேரில் வந்து, இந்த நேரம் தோதுப்படுமா என்று ஒவ்வோர் ஆபரேட்டரிடமும் கேட்டுப் போனாள். நானும் சம்மதம் சொன்னவன்தான்.

"இருவது நிமிஷம் லேட்டு" என்றாள்.

"பத்துன்னு போட்டுக்கோயேன்மா. யாரு பாக்கப் போறா?"

"எடுத்தது பத்து இருவது. பத்து இருவதுன்னுதான் போடுவேன்." பதிவேட்டில் எழுதினாள். எடுத்தவர் பெயர் என்ற கட்டத்தில் எல்லோருக்கும் வெறும் பெயர்தான் இருக்கும். அவள் 'தே. டில்லிபாபு' என்று எழுதி, ஒரு காற்புள்ளி வைத்து, 'பி.எஸ்ஸி.' என்று சேர்த்தாள்.

"அது இன்னாத்துக்கு?"

"படிச்சிகீறல்ல?" என்றாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பன்னிரண்டு மணி சாம்பிளைப் பத்து நிமிடம் முன்னதாகவே கொண்டுபோய்க் கொடுத்தேன்.